மூன்றாம் படி அரைப் படி

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ்ஸில் எல்லோரும் முன் சீட்டுக் கம்பியைச் சும்மா பிடித்துக்கொண்டு வருவார்கள். அவள் மட்டும் தட்டிக்கொண்டே வருவாள். இரண்டு தடவை அழுத்தி, ஒரு தடவை லேசாக. பிறகு மூன்று தடவை அழுத்தி, ஒரு தடவை லேசாக. முன்னால் உட்கார்ந்திருப்பவர் திரும்பி முறைப்பார். அவள் கவனிக்கவே மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் மானம் போகும்.

வயதில் என்னைவிட மிகவும் பெரியவள். ‘அவர்’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. என்னோடு அத்தனை சண்டை போட்டவளை மரியாதை கொடுத்துத் தள்ளி வைக்க மனசில்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஊருக்கு அவள் உபதேசியாரம்மா, உபதேசியாரின் மனைவி.

உபதேசியார் என்றால் போதகருக்கு அடுத்த நிலை. போதகர் பல ஊர்ச் சபைகளுக்குப் பொது. மாதம் ஒருமுறை வந்து அப்பமும் ரசமும் திருவிருந்தாகக் கொடுத்துவிட்டுப் போவார். ஊரோடு குடியிருந்து, ஞாயிறு தவறாமல் ஆராதனை நடத்துவது உபதேசியார்தான். எங்கள் சபையில் பெரும்பாலும் கூலி வேலை செய்கிறவர்கள். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. உபதேசியார் ஒரு வரி பாடுவார், சபை அதைத் திருப்பிப் பாடும். ஆகவே அவருடைய குரல்தான் அவருடைய உத்தியோகம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அணா போய் நயா பைசா வந்திருந்த சமயம். மிஷன் வீட்டில் பாதி எனக்கு, பாதி அவர்களுக்கு. நடுவில் ஒரு சுவர்.

அந்தச் சுவருக்கு அப்பால் ஓயாமல் ஏதாவது நகரும். கயிற்றுக் கட்டில் இன்றைக்கு ஜன்னலோரம் என்றால் அடுத்த வாரம் அடுப்பங்கரை வாசலில் கிடக்கும். வீடு பெருக்க ஒருநாள் கிழக்கு மூலையில் தொடங்குவாள், ஒருநாள் வாசலில். உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் போகும்போது ரோட்டோடு போனால், வரும்போது ஏரிக்கரை சுற்றித்தான் வருவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவள் என்று ஊர் சொன்னது. கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருப்பாள்.

“ஆரம்பத்தை எங்க வேணா வெச்சிக்கலாம் டீச்சர். நடுவுல இருக்குற இடைவெளியத் தொடக்கூடாது. அவ்ளோதான்.”

இதை அவள் கற்றுக்கொண்டது செங்கல்பட்டில், போர்டிங் ஸ்கூலில் படிக்கும்போது ஆர்மோனியத்தில். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று ஏழு வரைக்கும் எண்ணுவார்கள். நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும். ஆனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு இல்லை. அதேபோல ஏழுக்குப் பிறகும் இல்லை. ஏனென்றால் அந்த இரண்டு இடத்திலும் இடைவெளியே அரைதான். ஒன்றாம் கட்டையில் தொடங்கி வெள்ளைகளை மட்டும் வரிசையாக அழுத்திப் பாருங்கள்: முழு, முழு, அரை, முழு, முழு, முழு, அரை. மேல் ஸட்ஜமத்தில் வந்து நிற்கும். கச்சேரிக்காரர்கள் இதைச் சங்கராபரணம் என்பார்கள். அவள் போர்டிங் வழக்கத்தில் மேஜர் என்பாள். எந்தக் கட்டையில் தொடங்கினாலும் இந்த இடைவெளிகளை மட்டும் காப்பாற்றினால் அதே பாட்டு வந்துவிடும். வேறு இடத்தில் தொடங்கினால் கறுப்புக் கட்டைகளை வேண்டிய அளவு சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பஸ் கம்பியில் அவள் தட்டியது இந்தக் கணக்கைத்தான்.

ஆர்மோனியத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எங்கள் சபைக் கோயில் படியிலும் கை வைத்தாள்.

ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் எங்கள் தெரு வரைக்கும் வரும். அதனால் கோயிலை உயரமான மேடையில் கட்டியிருந்தார்கள். பழைய படி இடிந்து, புதுப்படி கட்டக் கொத்தனார் வந்தார். ஏழு படி. இவள் போய் அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு என்ன பேசினாளோ தெரியாது. கட்டி முடித்துப் பார்த்தால் மூன்றாவது படியும் ஏழாவது படியும் மற்றதில் பாதி உயரம்தான் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் முதலில் ஏறினார். நாலு ஊருக்கு நடவு ஆள் கூட்டிப் போகிறவர். வாய்க்கு அஞ்சாதவர். மூன்றாவது படியில் காலைத் தூக்கி வைத்தவர் எதிர்பார்த்த உயரம் இல்லாமல் தடுமாறி நாலாவதில் கட்டைவிரலை இடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா படி இது? ஒண்ணு நெட்டையா கீது, ஒண்ணு குட்டையா கீது. கெயவன் கீயவன் வியுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?”

“வியமாட்டீங்க பெரியவரே. தரையில ஸ, அப்புறம் ரிகமன்னு பாடிக்கினே ஏறுங்க. மூணாவதுல கால லேசா வைங்க.”

“கோயிலுக்கு வர்றதா, கூத்துக்கு வர்றதா?”

ஒரு மாதம் எல்லோரும் திட்டினார்கள். நானும் திட்டினேன். என் செருப்பு அறுந்தது அந்தப் படியில்தான். பிறகு பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டே ஏறத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து அம்மாமார்களின் உதடு அசைந்தது. கொஞ்ச காலத்தில் யாரும் குனிந்து படியைப் பார்ப்பதில்லை. மூன்றாவதில் கால் தானாக லேசாக விழும். மூப்பர்கூட உறுமிக்கொண்டே சரியாக ஏறினார். நடவுக்குப் போன இடத்தில் வரப்பு ஏறும்போதும் அவருக்குக் கால் அப்படியே விழுகிறதென்று அவர் பெண்சாதி சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் என் தொண்டைக்குச் சோதனை வந்தது.

நான் முன்வரிசையில் இருந்து பாடுகிறவள். ஐந்தாம் கட்டையில் ஸ வைத்துப் பாடுவதுதான் எனக்குச் சுகம். உபதேசியாருக்கும் அதுதான். அவர் குரல் எழும்பினால் தகரக் கூரை அதிரும் என்பார்கள். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பது அக்காதான். திடீரென்று ஒரு ஞாயிறு அவள் மூன்று கட்டையில் தொடங்கினாள். சரி, ஏதோ ஒருநாள் என்று விட்டேன். அடுத்த வாரமும் மூன்று. அதற்குச் சில வாரம் கழித்து இரண்டு. பெண்கள் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது போல் முனகிக்கொண்டிருந்தோம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவள் ஏரிக்கரையில் துணி துவைக்கும்போது பிடித்துக்கொண்டேன்.

“இன்னாக்கா, வாரா வாரம் கீழ எறக்கிக்கினே போற? எங்க தொண்டை இன்னா ரப்பரா?”

“ஒரு மாத்தந்தான்.”

“கட்டில மாத்து, அடுப்ப மாத்து, யார் கேட்டா? பாட்டயும் மாத்தணுமா? நாலுல வையேன், எல்லாருக்கும் நடுவாப்ல இருக்கும்.”

“நாலு செத்துப் போச்சே.”

அது உண்மைதான். எங்கள் ஆர்மோனியப் பெட்டியில் நாலாம் கட்டைக்கு ஒலி கொடுக்கும் பித்தளை நாக்கு ஒடிந்தோ என்னவோ போய்விட்டது. அழுத்தினால் காற்றுதான் வரும். ஐந்தில் தொடங்கினாலும், மூன்றில் தொடங்கினாலும், இரண்டில் தொடங்கினாலும் அந்த வரிசையில் நாலாம் கட்டை வராது. அதனால் சபையில் யாருக்கும் அது செத்ததே தெரியாது. செத்த கட்டையை மிதிக்காமல் போகிற வழிகளை மட்டும் அவள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப பெட்டிய மெட்ராசுக்கு அனுப்பி ரிப்பேர் பண்ணு. போதகர்கிட்ட சொன்னா அனுப்பமாட்டாரா?”

அவள் துவைப்பதை நிறுத்தினாள். நிறுத்தியும் விரல்கள் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தன.

“பெட்டி போனா திரும்பி வர எம்மா நாளாவுமோ. அதுவரிக்கும் அவரு ஒண்டியா பாடணும். பாடினா தெரிஞ்சிரும் டீச்சர்.”

“இன்னா தெரிஞ்சிரும்?”

“அவருக்குத் தொண்ட போயிட்டிருக்குது. மேல ஏறமாட்டேங்குது. நான் எறக்க எறக்க அதுவும் எறங்கிக்கினே வருது.”

இவருக்கு முன்னால் இருந்த உபதேசியாருக்குக் கண் மங்கியதும் மிஷன் ஓய்வு கொடுத்து அனுப்பியது. அவர் பெட்டி படுக்கையோடு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றதை ஊரே பார்த்தது. ஓய்வு என்றால் வீடு போய்விடும். இவர்களுக்கு வேறு வீடில்லை, நிலமில்லை, பிள்ளையும் இல்லை.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியக்கூடாது. தெரிஞ்சா அவரே போயி போதகர்கிட்ட சொல்லிட்டு வந்துருவாரு. அவ்ளோ யோக்கியம்.”

அது எவ்வளவு நிஜம் என்று இரண்டு நாளில் தெரிந்தது. உபதேசியார் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “டீச்சர், உங்க அக்கா கொஞ்ச நாளா ரொம்பக் கீழ வாசிக்குறா, கவனிச்சீங்களா? வயசாவுது இல்ல. நீங்க ஒண்ணும் கேட்டுராதீங்க, மனசு கஷ்டப்படுவா,” என்றார். பிறகு தொண்டையைத் தடவிக்கொண்டு, “எனக்கு இந்த வயசுலயும் எப்படி நிக்குது பாத்தீங்களா? கர்த்தர் கிருபை,” என்று சிரித்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

அன்றிலிருந்து அவளுடைய பரபரப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. ஞாயிறு காலையானால் அதே யோசனைதான். இன்றைக்கு எதில் தொடங்குவாள், அவர் எட்டுவாரா, எட்டாவிட்டால்? அவர் மேல் ஸட்ஜமத்துக்கு வரும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவளோ துருத்தியை இழுத்துக்கொண்டு அவர் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு ஞாயிறு இரண்டு கட்டையிலும் அவர் குரல் உச்சியில் பிசிறியது. அவர் இருமி மழுப்பினார்.

இனி ஒன்றாம் கட்டைக்குத்தான் இறங்க வேண்டும். அங்கேதான் வில்லங்கம். அங்கே தொடங்கினால் நாலாம் கட்டைதான் ம, அதாவது மத்யமம். செத்த கட்டை சரியாகப் பாதையின் நடுவில் வந்து நிற்கிறது. சுற்றிப் போக வழியே கிடையாது. சுவருக்கு அப்பால் அவள் அந்த வாரம் முழுக்க நடந்துகொண்டே இருந்தாள். கட்டில் நாலு பக்கமும் இழுபட்டது.

பாட்டுப் பழக எல்லோரும் கூடியபோது சபையைப் பார்த்து உடைத்துச் சொன்னாள்.

“பெட்டியில ஒரு கட்ட பேசாது. ம வர்ற எடத்துல காத்துதான் வரும். அந்த எடத்துல நீங்கதான் பேசணும். பயப்படாதீங்க. மூணாவது படி. கால எப்படி வைக்கிறீங்க? அப்படியே வாய வைங்க.”

“பேசாத கட்டய வெச்சிக்கினு இன்னாத்துக்கு அங்க போவணும்? போன வாரம் பாடின எடத்துலயே பாடலாமே,” என்றார் மூப்பர்.

அவள் துருத்தியின் கொக்கியைக் கழற்றினாள். மூப்பர் அவளைப் பார்த்தார். கோயில் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த உபதேசியாரின் முதுகைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “செரி, ஆரம்பி,” என்றார்.

நன்றாக வந்தது. நான் பொய் சொல்லவில்லை, அதுவரைக்கும் அந்தச் சபை அப்படிப் பாடியதில்லை. பெட்டி வாயை மூடும் இடத்தில் அத்தனை பேரும் சேர்ந்து அந்த ஒரு ஸ்வரத்தைத் தாங்கிப் பிடித்தார்கள். பெட்டியை நம்பிப் பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுப் பாடத் தொடங்கினார்கள். அந்தப் பெருஞ்சத்தத்துக்குள் உபதேசியாரின் குரல் பத்திரமாக இருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. நெற்கதிரும் பூசணியும் வாழைத்தாரும் கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் குவித்திருந்தார்கள். போதகர் வந்திருந்தார். முதல் பாட்டிலேயே அவர் தலை நிமிர்ந்தது. இரண்டாம் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். பிரசங்கம் முடிந்து, கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து நின்றார்.

“இப்படிப் பாடுகிற சபையை நான் பார்த்ததில்லை. டவுனில் நம் பெரிய கோயிலுக்குப் பாட்டு நடத்த ஒருவரும், ஆர்கன் வாசிக்க ஒருவரும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உபதேசியாரையும் அம்மாவையும் அடுத்த மாதமே அங்கே அனுப்பலாம் என்று தீர்மானித்துவிட்டேன்.”

உபதேசியாரின் முகம் பூரித்துப்போயிற்று. சபை கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தது. அந்த டவுன் கோயிலை எனக்குத் தெரியும். அங்கே பாடகர் குழு புத்தகத்தில் ஸ்வரம் பார்த்துப் பாடும். அச்சடித்த சுருதி எதுவோ அதுதான். ஒரு கட்டை இறக்கினாலும் குழுத் தலைவர் எழுந்து கேட்டுவிடுவார். முதல் ஞாயிறே இவர் தொண்டை அம்பலமாகிவிடும். அதன்பிறகு அந்தப் பழைய உபதேசியாரைப் போல ரோடுதான்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் விரல்கள் பெட்டியின் மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தன. பிறகு நின்றன.

கடைசிப் பாட்டு தொடங்கியது. ஒரு கட்டை, வெள்ளைகள் மட்டுமே நடக்கும் பாதை. ஸ, ரி, க. ம வந்தது. பெட்டி மௌனமாகும் இடம். சபை வாய் திறந்தது. அந்த நேரம் அவள் விரல் செத்த கட்டையைத் தாண்டி, அதை ஒட்டியிருந்த கறுப்புக் கட்டையின்மேல் விழுந்தது. அரை இருக்க வேண்டிய இடத்தில் முழு.

பல் கூசியது. சபையின் மத்யமமும் பெட்டியின் கறுப்பும் முட்டிக்கொண்டு கூரைத் தகரம் விர்ரென்றது. கை தவறிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வரியிலும் அதே கறுப்பு. அதற்கடுத்த வரியிலும். துருத்தியை முழு பலத்தோடு இழுத்து, எல்லோர் காதிலும் விழும்படி, அந்தத் தப்பை அழுத்தினாள். முகம் கல்லாக இருந்தது. கண்ணில் மட்டும் நீர் நின்றது. இடைவெளியைத் தொடக்கூடாது என்று படி கட்டி வைத்தவள், தன் கையாலேயே அதை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் சபை அசையவில்லை. அவள் பின்னால் போகவே இல்லை. மூப்பர் வெறுங்காலைச் சிமெண்டுத் தரையில் தட்டிக்கொண்டு பாடினார். மூன்றாவது தட்டை லேசாகத்தான் தட்டினார். பெண்கள் தலையை ஆட்டி அரையிலேயே நின்றார்கள். உபதேசியார் மனைவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலும், பிடித்த சுருதியை விடவில்லை. கடைசி வரி வரைக்கும் பெட்டி ஒரு பக்கம், ஜனம் ஒரு பக்கம்.

ஜெபம் முடிந்ததும் போதகர் பெட்டியருகே வந்தார். நல்ல மனிதர். கோபமில்லை, சங்கடம்தான்.

“அம்மா, காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதா? சுருதி ரொம்பத் தப்பிப்போகிறதே.”

“ஆமாங்க ஐயா,” என்றாள் அவள். “கொஞ்ச நாளாவே தப்புது.”

“டவுனில் படித்தவர்கள் வருகிற இடம். உபதேசியாரை மட்டும் அனுப்பவும் முடியாது, அங்கே இரண்டு பேரும் வேண்டும் என்கிறார்கள்.” அவர் யோசித்தார். “சரி, அதை விட்டுவிடுவோம். நீங்கள் இங்கேயே இருங்கள். இந்தச் சபைக்கு உபதேசியார் குரல் ஒன்றே போதும். பெட்டியை மட்டும் இனி வேறு யாராவது வாசிக்கட்டும்.”

அவள் எழுந்து துருத்தியை மூடிக் கொக்கி போட்டாள். மூப்பர் பக்கத்தில் வந்து நின்றார். ஏதாவது குத்தலாகச் சொல்லப் போகிறார் என்று பயந்தேன். அவர் பூசணிக் குவியலில் பெரிதாக ஒன்றைத் தூக்கி, “வூட்டுக்கு எடுத்துக்கினு போம்மா,” என்று அவள் கையில் கொடுத்தார். கொண்டுவந்த காணிக்கையை ஏலம் விடுவதுதான் வழக்கம். அன்றைக்கு அந்தப் பூசணிக்கு யாரும் விலை கேட்கவில்லை.

படியில் இறங்கும்போது உபதேசியார் மனம் தாங்காமல் புலம்பிக்கொண்டே வந்தார்.

“இத்தினி வருஷம் வாசிச்ச கை இன்னிக்கி இப்படி ஆயிடுச்சே. நல்ல எடம் கைக்கு வந்து போச்சு. போவட்டும், விடு. நான் விட்டேனா பாத்தியா? நீ எங்கெங்கியோ போற, நான் புடிச்ச எடத்த விடல.”

“விடல,” என்றாள் அக்கா. “நல்லா புடிச்சிக்கினீங்க.”

இறங்கும்போது மூன்றாவது படியில் அவள் கால் தடுமாறியது. நான் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் என் கைக்குள் அசையாமல் கிடந்தன. அதற்கு முன்னால் அவற்றை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு பெட்டியின் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். வேறு யாருக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. ஒரு கட்டையில் கறுப்பே வராது என்பதால் எப்படியோ தட்டுத் தடுமாறி வாசித்தேன். அக்கா முன்வரிசையில், என்னுடைய இடத்தில், பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கை முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது. உபதேசியார் முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். நான் ஸ வைத்தேன், ரி வைத்தேன், க வைத்தேன். செத்த கட்டைக்கு வந்ததும் கையைத் தூக்கினேன்.

அவள் பாடி நான் அதுவரை கேட்டதில்லை. எப்போதும் வாசித்துக்கொண்டே இருந்ததால் அவளுக்குக் குரல் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்கு ம-வை எல்லோருக்கும் முன்னால் அவள்தான் பாடினாள்.